பில்லர் ட்ரில் வாங்கும் முன்

துளை போடும் எந்திரத்தின் தலைப்பகுதியில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஒரே ஓர் எண்தான் பெரிதாக இருக்கும்: 13 மி.மீ., அல்லது 20 மி.மீ., அல்லது 25 மி.மீ. கடைக்காரர் சொல்வதும் அதைத்தான், வாங்குபவர் கேட்பதும் அதைத்தான். சிறிய எந்திரங்களில் அந்த எண், சக் எவ்வளவு தடிமனான பிட்டைக் கவ்வும் என்பதைத் தாண்டி அதிகம் சொல்வதில்லை. 13 மி.மீ. பிட்டைக் கவ்வுவது ஒரு விஷயம். அதே பிட்டால் 12 மி.மீ. எம்.எஸ். பிளேட்டில் நேராக, அதிராமல், முனை கருகாமல் துளை போட்டு வெளியே வருவது முற்றிலும் வேறு விஷயம்.

சந்தையில் 13 மி.மீ. முத்திரையோடு 20 கிலோகூட எடையில்லாத பெஞ்ச் ட்ரில்லும் கிடைக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய வார்ப்பிரும்பு ட்ரில்லும் கிடைக்கிறது. இரண்டின் விலைக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பது தானாக விளங்கிவிடும். கேட், கிரில் அடிக்கும் பட்டறை, சிறு லேத் பட்டறை, மரவேலைக் கூடம், வீட்டுப் பின்கட்டில் சொந்தமாக வேலை செய்பவர் ஆகிய எல்லோருக்கும் இது பொருந்தும். ரேடியல் ட்ரில், கியர் ஹெட் வைத்த பெரிய எந்திரங்கள் ஆகியவற்றைப் பற்றி இந்த அத்தியாயம் பேசவில்லை. கையால் இழுக்கும் லீவர், பெல்ட், புல்லி கொண்ட பெஞ்ச் ட்ரில்லும் பில்லர் ட்ரில்லும்தான் இங்கே பொருள்.

குறைந்தபட்ச வேகம்

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதன் குறைந்தபட்ச வேகம் என்ன என்பதுதான். விளம்பரத் தாளில் அதிகபட்ச வேகத்தைப் பெரிதாகப் போடுவார்கள். பட்டறையில் ஆளைத் தடுமாற வைப்பது மறுமுனை.

பிட்டின் வெளி விளிம்பு உலோகத்தின் மேல் ஒரு நிமிடத்தில் ஓடும் தூரமே வெட்டு வேகம். சாதாரண எச்.எஸ்.எஸ். பிட் மைல்ட் ஸ்டீலை வெட்டும்போது அது நிமிடத்துக்கு 25 மீட்டர் அளவில் இருந்தால் நல்லது. இதை ஆர்.பி.எம். ஆக்க ஒரு சுலபமான கணக்கு உண்டு: 8000-ஐ பிட்டின் மி.மீ. அளவால் வகுக்க வேண்டும். 5 மி.மீ. பிட்டுக்கு 1600, 10 மி.மீ. பிட்டுக்கு 800, 20 மி.மீ. பிட்டுக்கு 400. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 8000-க்குப் பதில் 4000. அலுமினியத்துக்கு மைல்ட் ஸ்டீலின் வேகத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தாராளமாகப் போகலாம்.

இந்தக் கணக்கோடு ஒரு வேலையைப் பார்க்கலாம். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டையில் 13 மி.மீ. துளை வேண்டும். தேவையான வேகம் 300 ஆர்.பி.எம். ஐந்து படி புல்லி கொண்ட சின்ன பெஞ்ச் ட்ரில்லின் குறைந்த வேகம் பெரும்பாலும் 600-ஐ ஒட்டியே இருக்கும். அதாவது வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. லீவரை இழுத்தால் முதல் ஓரிரு மில்லிமீட்டர் ஒழுங்காக இறங்கும். பிறகு கீச்சென்று சத்தம் எழும். நீளச் சுருளாக வந்துகொண்டிருந்தது தூளாக உதிரத் தொடங்கும். பிட்டின் வெளி மூலைகளில் நீலம் பாயும். 304-க்கு வெட்டாமல் உரசினால் மேற்பரப்பு இறுகிவிடும் குணம் உண்டு. மூலை மழுங்கிய பிட் உரச, உரசிய இடம் இறுக, அடுத்துப் போடும் புதுப் பிட்டும் அதே குழியில் மழுங்கும். பிட் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். உண்மையில் அந்த எந்திரத்தில் அந்த வேலைக்கான வேகமே கிடையாது.

ஹோல்-சா பயன்படுத்துபவர்களுக்கு இது இன்னும் கடுமை. பேனல் போர்டுத் தகட்டில் 60 மி.மீ. துளை போட வேண்டுமென்றால் அதே கணக்கில் வருவது 133 ஆர்.பி.எம். 600-இல் ஓட்டினால் பற்கள் சில துளைகளிலேயே போய்விடும். மரவேலையிலும் பெரிய ஃபார்ஸ்ட்னர் பிட்டுகள் மெதுவான ஓட்டத்தையே கேட்கின்றன. வேகம் கூடினால் மரம் கருகிப் புகை வரும். வேகமாகச் சுற்ற வேண்டியவை 1, 2, 3 மி.மீ. பிட்டுகள்தான். அவற்றுக்கு 3000 ஆர்.பி.எம். வரை இருந்தால் போதும்.

எந்திரத்தின் மூடியைத் திறந்தாலே குறைந்த வேகம் எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கலாம். மோட்டார் மேல் ஒரு படிப் புல்லி, ஸ்பிண்டில் மேல் ஒன்று, இரண்டையும் இணைக்கும் ஒற்றை பெல்ட். இது எளிய அமைப்பு. 1440 ஆர்.பி.எம். மோட்டாரிலிருந்து இரண்டரை மடங்கு குறைத்தால் 576. அதற்குக் கீழே போக இடமில்லை. மோட்டாருக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு புல்லி வைத்து இரண்டு பெல்ட் ஓடும் எந்திரத்தில் இதே குறைப்பு இரண்டு முறை நடக்கிறது. 1440-ஐ இரண்டரையால் இருமுறை வகுத்தால் 230. இரும்பு வேலைக்கு 20 மி.மீ. வரை போகிறவர் இந்த மூன்று புல்லி அமைப்பைக் கேட்டு வாங்குவது நல்லது. மரவேலைக்காரருக்கும் அது வீண் போகாது.

வேகத்தை மாற்றுவது எவ்வளவு சுலபம் என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். பெல்ட்டைத் தளர்த்த ஸ்பேனர் தேடி, இரண்டு போல்ட்டைக் கழற்றி, மோட்டாரைத் தோளால் தள்ள வேண்டியிருந்தால், பட்டறையில் யாரும் வேகத்தை மாற்றமாட்டார்கள். முதல் நாள் எந்தப் படியில் பெல்ட் கிடந்ததோ அதிலேயே ஆயுள் முழுக்கக் கிடக்கும். கையால் திருகும் குமிழ், மோட்டாரை முன்னே இழுக்கும் லீவர், கீலில் திறக்கும் மூடி, மூடியின் உட்பக்கம் அழியாத வேக அட்டவணை ஆகிய நான்கும் இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் வேகம் மாறும். இவை சின்னச் சமாச்சாரமாகத் தோன்றினாலும், பிட் செலவில் இவற்றின் மதிப்பு தெரியும்.

மோட்டாரின் வேகத்தையே மின்னணு முறையில் மாற்றும் வி.எஃப்.டி. வைத்தால் இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். குமிழைத் திருப்பினால் வேகம் மாறுவது பெரிய வசதிதான். ஆனால் அதில் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. 1 எச்.பி., 1440 ஆர்.பி.எம். மோட்டார் தரும் முறுக்குவிசை சுமார் 5 நியூட்டன் மீட்டர். புல்லி வழியாக 230 ஆர்.பி.எம்.-க்குக் குறைத்தால் அது 30 நியூட்டன் மீட்டராகப் பெருகி ஸ்பிண்டிலுக்கு வருகிறது. வி.எஃப்.டி. மூலம் மோட்டாரையே 230-க்கு இறக்கினால் அதே 5-தான் மிஞ்சும். தடித்த பிட் கடித்ததும் மோட்டார் முனகி நின்றுவிடும். போதாததற்கு, மோட்டாரின் பின்னால் இருக்கும் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடும் ஏறும். ஆகவே வி.எஃப்.டி. வைத்தாலும் படிப் புல்லி இருக்க வேண்டும். பெரிய குறைப்பைப் புல்லி செய்ய, சிறிய மாற்றங்களை வி.எஃப்.டி. செய்யட்டும். சாதாரண வி.எஃப்.டி.க்கு த்ரீ ஃபேஸ் மோட்டார் வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை அதில் மாட்ட முடியாது.

ஸ்பிண்டில், சக், டேப்பர்

எந்திரத்தின் உயிர் ஸ்பிண்டிலில் இருக்கிறது. அது சுற்றும்போது மையம் விலகித் தள்ளாடினால் பட்டறையில் ‘அவுட்’ என்பார்கள். பிட் முனை 0.1 மி.மீ. தள்ளாடினால் 10 மி.மீ. துளையில் அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். துளை கொஞ்சம் பெருக்கும், அவ்வளவுதான். 1 மி.மீ. பிட் அதே தள்ளாட்டத்தில் வளைந்து வளைந்து சுற்றி உடையும். ரீமர் போட்டு அளவான துளை எடுக்கிறவருக்கு அது எந்த வகையிலும் உதவாது.

டயல் கேஜும் மேக்னட் ஸ்டாண்டும் இருந்தால் கடையிலேயே அளக்கலாம். சக்கைக் கழற்றி, ஸ்பிண்டிலின் உள் டேப்பரில் லீவர் வகை டயலின் முனையை வைத்து, கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். 0.02 மி.மீ.க்குள் இருந்தால் நல்ல எந்திரம். 0.05 என்பது சாதாரண ஃபேப்ரிகேஷன் வேலைக்குத் தாங்கும். டேப்பரில் சரியாக இருந்து, சக்கை மாட்டிய பிறகு கூடினால் குறை சக்கில்; அதை மாற்றிக்கொள்ளலாம். டேப்பரிலேயே 0.1 காட்டினால் அந்த எந்திரத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

டயல் இல்லாதவருக்கும் ஒரு சோதனை உண்டு. லீவரை முழுக்க இழுத்து, குவில் (ஸ்பிண்டிலைத் தாங்கி ஏறி இறங்கும் உருளை) கடைசி வரை இறங்கிய நிலையில் சக்கைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ‘டக் டக்’ என்று கைக்குத் தெரிந்தால், குவிலுக்கும் அது நுழைந்திருக்கும் வார்ப்புக்கும் நடுவே இடைவெளி அதிகம். குவில் மேலே இருக்கும்போது எல்லா எந்திரமும் கெட்டியாகத்தான் தோன்றும். இறக்கி வைத்து ஆட்டினால்தான் உண்மை தெரியும். சில எந்திரங்களில் இந்த இடைவெளியைச் சரிசெய்ய ஒரு திருகு இருக்கும். அது இருப்பது தேய்மானம் வந்த பிறகு மிகவும் உதவும்.

ஸ்பிண்டிலின் உள்ளே மோர்ஸ் டேப்பர் இருக்கிறதா என்பதை அடுத்துக் கேட்கலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஸ்டீஃபன் மோர்ஸ் 1863-இல் ட்விஸ்ட் ட்ரில்லுக்குக் காப்புரிமை பெற்றவர். அவர் பெயரால் வழங்கும் டேப்பர் நீளத்தில் சுமார் இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் குறைவதால், நுழைத்து ஒரு தட்டு தட்டினாலே உரசலால் கவ்விக்கொள்கிறது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் உலகம் முழுக்க அதே அளவுதான். இதனால் வாங்குபவருக்குக் கிடைக்கும் லாபம் பெரியது. 13 மி.மீ.க்கு மேல் போக வேண்டுமென்றால் சக்கைக் கழற்றிவிட்டு டேப்பர் ஷாங்க் பிட்டை நேரடியாக ஸ்பிண்டிலில் மாட்டலாம். 14 மி.மீ.க்கு மேல் 23 மி.மீ. வரையான டேப்பர் பிட்டுகள் எம்.டி.2 (மோர்ஸ் டேப்பர் 2) அளவில் வருகின்றன, அதற்கு மேல் எம்.டி.3. சக்கின் கவ்வல் வழுக்கும் பிரச்சினை அங்கே இல்லை. கழற்ற, ஸ்பிண்டிலின் பக்கவாட்டில் உள்ள நீள்துளையில் ட்ரிஃப்டைச் செருகித் தட்ட வேண்டும். 20 மி.மீ. என்று விற்கும் எந்திரத்தில் எம்.டி.2 இல்லாவிட்டால் அந்த 20-க்குப் பொருளில்லை.

சின்ன எந்திரங்களில் ஸ்பிண்டிலின் முனையே சரிவாகக் கடையப்பட்டு, அதன் மேல் சக் நேரடியாக ஏறியிருக்கும். அது குறையில்லை, 13 மி.மீ.க்குள் நிற்பவருக்குப் போதும்.

சாவி போட்டு இறுக்கும் சக்குக்கு ஆர்தர் ஜேக்கப்ஸ் 1902-இல் காப்புரிமை பெற்றார். அன்றைய ஸ்பேனர் வகைச் சக்கில் விரல் முட்டி அடிபட்டதுதான் அவரைத் தூண்டியது என்று தொழில் வட்டாரத்தில் சொல்வார்கள். இன்றும் தடித்த பிட்டுக்குச் சாவிச் சக்கே நம்பகமானது. கையால் திருகும் கீலெஸ் சக், அடிக்கடி பிட் மாற்றுகிறவருக்கு நேரத்தை மிச்சப்படுத்தும். அதில் மட்டமானது வாங்கினால் பிட் வழுக்கும். புது எந்திரத்தோடு வரும் சக் பெரும்பாலும் விலை குறைந்ததாகவே இருக்கும். எந்திரம் நன்றாக இருந்து சக் மட்டும் சுமாராக இருந்தால் தயங்காமல் எந்திரத்தை வாங்கிவிட்டு, நல்ல சக் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டுவதே சரி.

ஒரு எச்சரிக்கை. ட்ரில் எந்திரத்தில் எண்ட் மில் மாட்டிப் பக்கவாட்டில் மில்லிங் செய்து பார்க்கும் ஆசை பலருக்கு வரும். மோர்ஸ் டேப்பர் கீழிருந்து மேலே வரும் அழுத்தத்துக்காக அமைந்தது. பக்கவாட்டு அதிர்ச்சியில் அது விடுபட்டு, சுற்றிக்கொண்டிருக்கும் சக்கோடு கீழே விழும்.

குவில் எவ்வளவு இறங்கும்?

விவரத் தாளில் கடைசி வரியாகக் கிடக்கும் இந்த அளவு, வேலை செய்யும்போது முதல் வரிக்கு வந்துவிடும். எப்படி என்று பார்க்கலாம். 12 மி.மீ. பிளேட்டில் 13 மி.மீ. துளை. வழக்கப்படி முதலில் 6 மி.மீ. பைலட். பிட்டின் முனையில் நடுவே இருக்கும் உளி விளிம்பு வெட்டுவதில்லை, உலோகத்தை நசுக்கித் தள்ளுகிறது. லீவரில் கொடுக்கும் அழுத்தத்தில் பாதி அளவு அதற்கே போய்விடும். பைலட் துளை அந்தச் சுமையை நீக்கிவிடுகிறது. அதனால்தான் இந்த இரண்டு கட்டம்.

சாதாரண 6 மி.மீ. ஜாபர் பிட்டின் மொத்த நீளம் 93 மி.மீ. 13 மி.மீ. பிட்டின் நீளம் 151 மி.மீ. வித்தியாசம் 58. பைலட் போட்டு முடித்து, பிளேட்டை அசைக்காமல் பிட்டை மாற்ற வேண்டுமென்றால், இந்த 58-உம், பிளேட்டின் 12-உம், முனை வெளியே வர இன்னும் சில மில்லிமீட்டரும் சேர்த்து 75 மி.மீ.யாவது குவில் இறங்க வேண்டும். 50, 60 மி.மீ. இறங்கும் எந்திரத்தில் பெரிய பிட் பிளேட்டுக்கும் சக்குக்கும் நடுவே நுழையாது. டேபிளை இறக்கியே ஆக வேண்டும். டேபிளோ உருண்டைத் தூணில் ஏறியிருக்கிறது. பூட்டைத் தளர்த்தியதும் தூணைச் சுற்றி அசையும். பைலட்டின் மையம் போய்விடும். மறுபடி மையம் தேட வேண்டும். நாள் முழுக்க ஒரே அளவுத் துளை போடுகிறவருக்கு இது பொருட்டல்ல. சில்லறை வேலை செய்யும் பட்டறைக்கு இது தினசரித் தொல்லை. 80 மி.மீ. இருந்தால் சமாளிக்கலாம், 100-க்கு மேல் இருந்தால் நிம்மதி.

ஆழத்தை நிறுத்தும் அமைப்பையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். அலமாரிக் கதவுக்குப் போடும் மறைகீலின் கிண்ணத்துக்கு 35 மி.மீ. விட்டமுள்ள குழி வேண்டும். ஆழம் சுமார் 12 மி.மீ. கதவு 18 மி.மீ. பிளைவுட். மிஞ்சுவது 6 மி.மீ. மட்டும். ஸ்டாப்பர் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வழுக்கினாலே பிட்டின் நடுக்கூர் மறுபக்கத்து லேமினேட்டை நெருங்கிவிடும். இன்னும் கொஞ்சம் போனால் ஒரு வெள்ளைப் புள்ளி எழும்பி நிற்கும். அந்தக் கதவு வீண். லீவரின் அச்சில் வளையம் போல இருக்கும் ஸ்டாப்பரை ஒரே திருகு பிடித்திருப்பதால், வேகமாக இழுத்து மோதினால் அது நகரும் வாய்ப்பு அதிகம். குவிலோடு இறங்கும் மரைக் கம்பியில் இரண்டு நட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டும் வகை நகராது. சற்று மெதுவான வேலை, ஆனால் நம்பலாம். குவிலை இறங்கிய நிலையில் பூட்டி வைக்கும் லாக் இருந்தால் அதுவும் நல்லது.

தூணும் டேபிளும்

பிட் உலோகத்தை அழுத்தும்போது அதே விசை எந்திரத்தின் தலையை மேலே தள்ளுகிறது, டேபிளைக் கீழே தள்ளுகிறது. இரண்டையும் பிடித்திருப்பது தூண் ஒன்றுதான். தூண் மெலிந்தால் எந்திரம் வாய் பிளக்கிறது. பிளந்த நிலையில் பிட் செங்குத்தாக இல்லை, துளை சாய்கிறது.

இதைவிட முக்கியமானது, பிட் மறுபக்கம் உடைத்து வெளியேறும் கணம். அதுவரை அழுத்தத்தால் வளைந்திருந்த டேபிள், எதிர்ப்பு திடீரெனக் குறைந்ததும் மேலே துள்ளுகிறது. பிட்டின் இரு விளிம்புகளும் மிச்சமிருக்கும் மெல்லிய தோலை ஒரே கடியாகக் கவ்வி, திருகாணி போல உள்ளே ஏறுகின்றன. கையில் பிடித்திருந்த தகடு பிடுங்கிக்கொண்டு சுழலும் விபத்துகளில் பல இந்தக் கணத்தில் நடப்பவையே. ஆகவே எந்திரத்தின் கெட்டித்தன்மை என்பது துல்லியத்துக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை, விரல்களுக்கும் சேர்த்துத்தான்.

சோதிக்கும் வழி எளிது. பிளக்கைக் கழற்றிவிட்டு, சக்கின் வாயைச் சுருக்கி, அதற்கும் டேபிளுக்கும் நடுவே ஒரு கட்டையை வைத்து, துளை போடும்போது கொடுக்கும் அளவுக்கு லீவரை இழுக்க வேண்டும். டேபிளின் முன் விளிம்பைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அது தாழ்வது தெரியும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அளவுக்குத் தாழ்ந்தால் இரும்பு வேலைக்கு அந்த எந்திரம் ஆகாது. குழாயின் விட்டம் கூடக்கூட வளையாத தன்மை பல மடங்கு கூடுகிறது. சுவரின் கனம் அதேதான் என்றால் விட்டம் இரட்டிப்பாகும்போது அது ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. 60 மி.மீ. தூணுக்கும் 80 மி.மீ. தூணுக்கும் இடையே பார்வைக்குப் பெரிய வேறுபாடு இல்லை, வேலையில் இருக்கிறது.

டேபிள் ஸ்பிண்டிலுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க, கனமான கம்பி ஒன்றை இருமுறை மடக்கிச் சக்கில் மாட்டி, அதன் நுனி டேபிளைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்துக் கையால் சுற்றினால் போதும். நான்கு பக்கமும் ஒரே தாள் நுழைய வேண்டும். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நுழையாவிட்டால் சாய்வு இருக்கிறது. இடவலச் சாய்வை டேபிளின் போல்ட்டில் திருத்தலாம். முன்பின் சாய்வைத் திருத்த அப்படிப்பட்ட வசதி பெரும்பாலும் இருக்காது.

டேபிளைப் பல்சட்டமும் கைப்பிடியும் வைத்து ஏற்றி இறக்கும் அமைப்பு அவசியம். கனமான வைஸோடு டேபிளைத் தோளில் தாங்கிக்கொண்டு பூட்டைத் தளர்த்துவது ஆபத்தான பழக்கம். டேபிளில் வைஸைப் பூட்ட வார்ப்பிலேயே நீள்பள்ளங்கள் இருக்க வேண்டும், அடிப்பக்கம் நட்டும் வாஷரும் உட்காரச் சமமான பரப்பு இருக்க வேண்டும். வட்ட டேபிளைவிடச் சதுர டேபிளில் வேலைப்பொருளைக் கட்டுவது வசதி. ஸ்பிண்டில் மையத்திலிருந்து தூணின் பரப்பு வரையான தூரத்தையும் அளந்துகொள்ள வேண்டும். அது 150 மி.மீ. என்றால் 300 மி.மீ. அகலப் பலகையின் நடுவில்தான் துளை போடலாம், அதற்கு மேல் எட்டாது.

மின்சாரமும் பாதுகாப்பும்

மோட்டார் விஷயத்தில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. 13 மி.மீ.க்கு அரை எச்.பி., 20 மி.மீ.க்கு 1 எச்.பி. என்பது சரியான அளவு. சிங்கிள் ஃபேஸ் எடுப்பவர் தன் இடத்து வோல்டேஜைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 230 வோல்ட் 190-க்கு இறங்கினால் மோட்டாரின் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மாலையில் வோல்டேஜ் குறையும் ஊர்களில் மோட்டாரை ஒரு படி பெரியதாக எடுப்பதில் நியாயம் இருக்கிறது.

சுவிட்சில் மட்டும் சமரசம் கூடாது. பிட் பிளேட்டுக்குள் இருக்கும்போது கரண்ட் போகிறது. வேலை செய்தவர் சுவிட்சை அணைக்காமலே டீ குடிக்கப் போகிறார், அல்லது சிக்கிய சுருளைக் கையால் எடுக்கக் குனிகிறார். கரண்ட் திரும்பி வருகிறது. சாதாரண தட்டு சுவிட்ச் என்றால் எந்திரம் தானே ஓடத் தொடங்கும். நோ-வோல்ட் காயில் வைத்த சுவிட்ச் அப்படி ஓடவிடாது, பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் கிளம்பும். த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு வைக்கும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் இந்த வசதி இயல்பாகவே உண்டு. சிங்கிள் ஃபேஸ் எந்திரங்களில்தான் இதை விட்டுவிடுகிறார்கள். விட்டிருந்தால் வாங்கிய அன்றே எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றிவிட வேண்டும். நிறுத்தும் பொத்தான் பெரியதாக, இடது கைக்கோ முழங்காலுக்கோ எட்டும் இடத்தில் இருக்கட்டும். வலது கை லீவரில் இருக்கும்.

பெல்ட் மூடி இல்லாத எந்திரம் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். சுழலும் பாகங்களுக்குக் காப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே கேட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் வராத இருவர் பட்டறையிலும் விரல் ஒன்றுதான். சக் சாவியில் ஸ்பிரிங் வைத்த வகை இருக்கிறது. கையை எடுத்தால் தானே வெளியே வந்துவிடும். சாவியைச் சக்கிலேயே மறந்து எந்திரத்தைப் போடும் விபத்தை அது தடுக்கும். விலையும் அதிகமில்லை. ட்ரில்லில் கையுறை போடக் கூடாது என்பதை வேலைக்கு வரும் புதியவருக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்; நூல் ஒன்று பிட்டில் சிக்கினால் கையையும் சேர்த்துச் சுற்றும். தொங்கும் துண்டு, துப்பட்டா, முழுக்கைச் சட்டையின் பொத்தான் போடாத நுனி, விரித்த கூந்தல் ஆகியவற்றுக்கும் இதே விதி. கண்ணாடி மட்டும் கட்டாயம்.

லேசர் குறி, டிஜிட்டல் ஆழக் காட்டி, எந்திரத்தோடு வரும் விளக்கு ஆகியவற்றுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. லேசர் அதிர்வில் நகர்ந்துவிடும். சென்டர் பஞ்சால் அடித்த ஒரு புள்ளி அதைவிட நம்பகமானது. அந்தக் காசுக்குக் கனமான ட்ரில் வைஸ் ஒன்றும், கிளாம்ப் செட் ஒன்றும் வாங்கலாம்.

பழைய எந்திரம்

புதிய மெலிந்த எந்திரத்தின் விலையில், பழைய கனமான வார்ப்பிரும்பு ட்ரில் ஒன்று கிடைப்பதுண்டு. கோவை போல எந்திரத் தொழில் செழித்த ஊர்களில், பட்டறை மூடும்போதும் எந்திரம் மாற்றும்போதும் இவை விலைக்கு வரும். டேபிளில் அங்கங்கே பிட் குத்திய வடுக்கள் இருப்பது சகஜம். அதற்காக ஒதுக்க வேண்டாம். ஸ்பிண்டில் டேப்பருக்குள் விரலை விட்டுத் தடவினால் வரிவரியாகக் கீறல் தட்டுகிறதா, குவிலின் பற்கள் நடுப்பகுதியில் தேய்ந்திருக்கின்றனவா, லீவரை விட்டதும் குவில் தானாக மேலே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டார் எரிந்திருந்தால் காயில் கட்டிக்கொள்ளலாம், பேரிங் போயிருந்தால் மாற்றலாம், பெல்ட் மலிவு. டேப்பர் கெட்டதும் குவில் வார்ப்பு தேய்ந்ததும் சிறு பட்டறைச் செலவில் சரியாகாதவை. இந்த இரண்டும் சரியாக இருந்தால், பெயின்ட் உதிர்ந்த பழைய எந்திரமே பளபளக்கும் புதியதைவிட நல்ல வாங்கல்.

பழையதோ புதியதோ, வாங்கப் போகும்போது தன் வேலையில் வழக்கமாகப் போடும் மிகத் தடித்த பிட் ஒன்றையும், அதே கனத்தில் ஒரு துண்டு பிளேட்டையும், மெல்லிய 2 மி.மீ. பிட் ஒன்றையும் பையில் எடுத்துப் போக வேண்டும். இரண்டு பிட்டையும் மாட்டி அங்கேயே துளை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்ட மறுக்கும் இடத்தில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், எந்திரம் வாங்காதீர்கள்.